ஒரே அப்பம், இரண்டு வாக்கியம்: எலிசபெத் அரசி மதப் பிளவைக் கையாண்ட விதம்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மோர்பாத் என்று ஒரு சின்ன ஊர். முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள், ஆடு மேய்ப்பும் விவசாயமும்தான் பிழைப்பு. 1520-ல் அங்கே பங்குக் குருவாக வந்த கிறிஸ்டோபர் டிரிக்கி என்பவர் 1574 வரை, ஐம்பத்து நான்கு ஆண்டுகள், அங்கேயே இருந்தார். சர்ச்சின் வரவு செலவுக் கணக்கைத் தன் கையாலேயே எழுதிவந்தார். அந்தக் கணக்கு தப்பிப் பிழைத்ததால்தான் இன்று அந்த ஊரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது.

இறந்தவர்களுக்கான பூசையில் போட்டுக்கொள்ள நல்ல கறுப்பு அங்கி வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊரில் காசு சேர்த்துச் சேர்த்து, ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 1547-ல் அந்த அங்கி வந்து சேர்ந்தது. அதே 1547-ல் புதிய அரசர் பட்டத்துக்கு வந்தார். சீக்கிரமே அப்படிப்பட்ட பூசையே நாட்டில் கூடாது என்று ஆகிவிட்டது.

டிரிக்கி ஊழியம் செய்த காலத்தில் நாட்டின் மதம் நான்கு முறை மாறியது. மாறியது என்றால், மக்கள் மனம் மாறினார்கள் என்று பொருளில்லை. அரண்மனையில் ஆள் மாறியதும் சட்டம் மாறியது. சட்டம் மாறியதும் ஊர் சர்ச்சின் சுவரும் பீடமும் புத்தகமும் மாறின. நான்காவது மாற்றத்தைச் செய்தவர் முதலாம் எலிசபெத். அந்த ஏற்பாடுதான் நிலைத்தது. அது எப்படி நிலைத்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதை, இந்த வரலாறு புதிதாக இருப்பவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சண்டை எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும். பல விஷயங்கள் இருந்தாலும், ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஆராதனையில் கொடுக்கப்படும் அப்பம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடமே இதற்கு இரண்டு வகைச் சொல் உண்டு. கத்தோலிக்கர் நற்கருணை என்பார்கள், சி.எஸ்.ஐ. சபையினர் திருவிருந்து அல்லது இராப்போஜனம் என்பார்கள். சொல் வேறுபடுவது சும்மா இல்லை. கத்தோலிக்க நம்பிக்கைப்படி, குரு மந்திரித்த பிறகு அந்த அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது. ஆகவே அதைத் தூக்கிக் காட்டும்போது வணங்குகிறார்கள். அது கல் பீடத்தின் மேல் நடக்கும் பலி. பதினாறாம் நூற்றாண்டின் புரொட்டஸ்டண்ட்கள் இதை மறுத்தார்கள். அப்பம் அப்பம்தான், கிறிஸ்து சிலுவையில் ஒரே தடவை பலியானது போதும், இது அதை நினைவுகூரும் விருந்து என்றார்கள். புரொட்டஸ்டண்ட்களுக்குள்ளேயே இதில் பல கருத்துகள் இருந்தன. லூதர் ஒன்று சொன்னார், சூரிக்கில் இருந்த ஸ்விங்ளி இன்னொன்று சொன்னார். விருந்து என்றால் கல் பீடம் எதற்கு? மர மேசை போதும். பலி இல்லை என்றால் பலியிடும் குரு எதற்கு? போதகர் போதும். இப்படி ஒரு நூலை இழுத்தால் முழுத் துணியும் பிரிகிறது.

இதற்காக மனிதர்கள் உயிரை விட்டார்கள். இன்று நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அன்று ஆன்மாவின் கதியே இதில்தான் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் மெய்யாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் தீவிரத்தை மறந்துவிட்டால் இந்தக் கதையில் எதுவுமே விளங்காது.

சரி, அந்த நான்கு மாற்றங்கள். எட்டாம் ஹென்றி, அராகனின் கேத்தரினோடு நடந்த திருமணத்தை ரத்து செய்ய போப் சம்மதிக்காததால், 1534-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தானே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் ஆனார். மடங்களை எல்லாம் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் பூசை பெரும்பாலும் பழையபடியே லத்தீனில் நடந்தது. அவர் மகன் ஆறாம் எட்வர்ட் 1547-ல் ஒன்பது வயதில் அரசரானார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் உறுதியான புரொட்டஸ்டண்ட்கள். ஆர்ச்பிஷப் தாமஸ் கிரான்மர் ஆங்கிலத்தில் பொது ஜெபப் புத்தகம் ஒன்றை 1549-ல் கொண்டுவந்தார். அதை எதிர்த்து டெவனிலும் கார்ன்வாலிலும் மக்கள் கிளர்ந்தார்கள். மோர்பாத்திலிருந்தும் ஐந்து இளைஞர்கள் போனார்கள். அவர்களுக்கு ஊர்ப் பணத்தில் செலவு செய்ததை டிரிக்கி கணக்கில் எழுதியிருக்கிறார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1552-ல் அதைவிடக் கடுமையான இரண்டாவது ஜெபப் புத்தகம் வந்தது. எட்வர்ட் 1553-ல் இறந்ததும் கேத்தரினின் மகள் மேரி அரசியானார். நாடு திரும்பவும் போப்பிடம் போயிற்று. மோர்பாத் மக்கள் வீடுகளில் ஒளித்து வைத்திருந்த அங்கிகளையும் சிலைகளையும் வெளியே கொண்டுவந்தார்கள். மற்ற இடங்களில் வேறு காட்சி: நான்கே ஆண்டுகளுக்குள் 280-க்கும் மேற்பட்ட புரொட்டஸ்டண்ட்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். 1556 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் எரிந்தவர்களில் கிரான்மரும் ஒருவர். ஏறத்தாழ 800 பேர் ஜெனீவா, ஃபிராங்க்ஃபர்ட், சூரிக் என்று ஓடிப்போனார்கள்.

1558 நவம்பர் 17 அன்று மேரி இறந்தார். சில மணி நேரத்தில் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் கர்தினால் போலும் இறந்தார். அரியணையும் தலைமை பிஷப்பின் நாற்காலியும் ஒரே நாளில் காலியாயின.

எலிசபெத்துக்கு அப்போது இருபத்தைந்து வயது. யாருடைய மகள்? ஹென்றி யாருக்காக ரோமை விட்டுப் பிரிந்தாரோ, அந்த ஆன் பொலினின் மகள். அந்தத் திருமணமே செல்லாது என்பது போப்பின் நிலை. அதனால் ரோமோடு சேர்ந்திருக்க அவர் நினைத்திருந்தால், தன் பிறப்பே முறையற்றது என்ற தீர்ப்போடுதான் சேர வேண்டியிருந்திருக்கும். அரசியல் கணக்கு அவரைப் புரொட்டஸ்டண்ட் பக்கம் தள்ளியது என்று பலர் சொல்வதற்கு இது காரணம். ஆனால் வளர்ப்பும் நம்பிக்கையும்கூட அந்தப் பக்கம்தான். அவருடைய ஆசிரியர்கள் அந்த எண்ணம் உடையவர்கள்.

நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. அக்கா மேரியின் ஆட்சியில் எலிசபெத் லத்தீன் பூசைக்குப் போய்வந்தார். 1554-ல் மேரிக்கு எதிராக நடந்த வயட் கிளர்ச்சியில் பங்கிருக்குமோ என்ற சந்தேகத்தில் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். உயிர் தப்பியதே பெரிது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சட்டம் கேட்டதைச் செய்து ஐந்து ஆண்டுகளை ஓட்டியவர் அவர். பின்னால் குடிமக்களிடம் அவர் கேட்டதும் கிட்டத்தட்ட அதையேதான். தான் வாழ்ந்து பார்த்த வழியை நாட்டுக்கு விதியாக்கினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பட்டத்துக்கு வந்ததும் அவர் அவசரப்படவில்லை. 1558 கிறிஸ்துமஸ் அன்று அரண்மனைச் சிற்றாலயத்தில் பூசை செய்த பிஷப் ஓகிள்தார்ப்பிடம், அப்பத்தைத் தூக்கிக் காட்டி வணங்கச் செய்ய வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். பிஷப் மறுத்தார். நற்செய்தி வாசிப்பு முடிந்ததும் அரசி எழுந்து போய்விட்டார். அரண்மனையில் இருந்த வெளிநாட்டுத் தூதர்கள் இதை உடனே தங்கள் நாட்டுக்கு எழுதினார்கள். இரண்டு நாள் கழித்து ஓர் அறிவிப்பு: மறு உத்தரவு வரும்வரை யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது. இரண்டு தரப்புக்கும்தான் தடை. மேடைகளை அமைதியாக்கிவிட்டு, வேலையை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கே சுலபமாக முடியவில்லை. பிரபுக்கள் சபையில் மேரி நியமித்த கத்தோலிக்க பிஷப்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1559 பிப்ரவரியில் வந்த முதல் மசோதாவைச் சிதைத்து அனுப்பினார்கள். ஈஸ்டர் விடுமுறையில் வெஸ்ட்மின்ஸ்டரில் இரு தரப்புக்கும் ஒரு வாதப் போட்டி வைக்கப்பட்டது. விதிமுறையை ஏற்க மறுத்துக் கத்தோலிக்கத் தரப்பு வெளியேற, இரண்டு பிஷப்கள் சிறைக்குப் போனார்கள். அதாவது எதிர்த்து விழக்கூடிய இரண்டு வாக்குகள் குறைந்தன. கடைசியில் ஒரே மாதிரி வழிபாட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் பிரபுக்கள் சபையில் 21-க்கு 18 என்று தேறியது. மூன்று வாக்கு வித்தியாசம். நானூறு ஆண்டுக்கு மேல் நிற்கும் ஒரு திருச்சபை அந்த மூன்று வாக்கில் நின்றது.

இதையும் இதோடு வந்த இன்னொரு சட்டத்தையும் சேர்த்து வரலாற்றாசிரியர்கள் எலிசபெத்தின் சமயத் தீர்வு என்கிறார்கள். முதல் சட்டம், திருச்சபைக்கு மேல் யார் என்பது பற்றி. ஹென்றி தன்னைத் திருச்சபையின் தலைவர் என்று அழைத்துக்கொண்டார். எலிசபெத் உயர் ஆளுநர் என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டார். தலை என்பது கிறிஸ்துவுக்கு மட்டுமே உரியது என்று கண்டிப்பான புரொட்டஸ்டண்ட்கள் சொன்னார்கள். பெண் ஒருவர் திருச்சபைக்குத் தலையாவதா என்று கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். யார்க் ஆர்ச்பிஷப் ஹீத் பிரபுக்கள் சபையில் இதை வெளிப்படையாகவே பேசினார். ஒரே ஒரு சொல்லை மாற்றியதில் இரண்டு பேருடைய வாயையும் ஓரளவு அடைத்தாயிற்று. அதிகாரம் கொஞ்சமும் குறையவில்லை.

இரண்டாவது சட்டம்தான் ஊர் மக்களின் வாழ்க்கையைத் தொட்டது. 1559 ஜூன் 24 முதல் எல்லாச் சர்ச்சிலும் ஒரே ஜெபப் புத்தகம். ஞாயிறும் திருநாளும் எல்லோரும் வர வேண்டும். வராவிட்டால் ஒவ்வொரு தடவையும் 12 பென்ஸ் அபராதம். கூலியாளுக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல்.

புத்தகம், எட்வர்ட் காலத்தின் கடுமையான 1552 புத்தகம்தான். ஆனால் சில இடங்களில் கை வைத்திருந்தார்கள். முக்கியமான திருத்தம் அப்பம் கொடுக்கும் இடத்தில். 1549 புத்தகத்தில் குரு சொன்ன வாக்கியம் தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: ‘உனக்காகக் கொடுக்கப்பட்ட நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் சரீரம், உன் உடலையும் ஆன்மாவையும் நித்திய ஜீவனுக்கென்று காப்பதாக.’ இதைக் கேட்கும் கத்தோலிக்க மனம் கொண்டவருக்கு, கையில் வருவது கிறிஸ்துவின் சரீரம். அதனால்தான் 1552-ல் அதைத் தூக்கிவிட்டு வேறு வாக்கியம் வைத்தார்கள்: ‘கிறிஸ்து உனக்காக மரித்தார் என்பதை நினைவுகூர்ந்து இதை வாங்கிப் புசி, விசுவாசத்தினால் உன் இருதயத்தில் நன்றியோடு அவரை உட்கொள்.’ இதில் கையில் வருவது அப்பம். கிறிஸ்து இருப்பது இருதயத்தில்.

1559 புத்தகம் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது. ஒன்றை மறுப்பதற்கென்றே எழுதப்பட்ட இன்னொன்று, இப்போது அதன் பக்கத்திலேயே. பீடத்தின் முன் அருகருகே மண்டியிட்ட இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள், ஒருவர் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளலாம், மற்றவர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளலாம். யாரும் அவர்களிடம் எதைப் பிடித்தாய் என்று கேட்கப் போவதில்லை.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எரியும் விறகுக் கட்டைகளை இந்த நாடு பார்த்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. இறையியல் வாதத்தில் யாரும் வெல்லவில்லை, வெல்லவும் முடியாது. அந்த நிலையில் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஒரு முற்றுப்புள்ளி அளவு இடம் விட்டு, அதற்குள் ஒரு நாட்டையே மண்டியிட வைத்திருக்கிறார்கள்.

இதே கைவண்ணம் வேறு இடங்களிலும் தெரியும். ரோமாபுரி பிஷப்பின் கொடுங்கோன்மையிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று ஒரு வேண்டுதல் பழைய புத்தகத்தில் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். குருவின் உடை பழைய முறையில் இருக்கலாம் என்றது ஒரு குறிப்பு. கல் பீடத்துக்குப் பதில் மர மேசை வந்தது. ஆனால் அப்பம் கொடுக்காத நேரங்களில் அந்த மேசை பழைய பீடம் இருந்த இடத்திலேயே நிற்கும். குருக்கள் மணம் செய்துகொள்ளலாம். ஆனால் பிஷப்பும் இரண்டு நீதிபதிகளும் அந்தப் பெண்ணைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அரசிக்குத் திருமணமான குருக்களைக் கண்டாலே பிடிக்காது. தன் சொந்தச் சிற்றாலயத்தில் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்தார். அவரே நியமித்த பிஷப்கள் கெஞ்சியும் எடுக்கவில்லை.

இதைக் கத்தோலிக்கத்துக்கும் புரொட்டஸ்டண்டுக்கும் நட்டநடுவே போன பாதை என்று பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். அது சரியான படம் இல்லை. கோட்பாட்டில் இந்தத் திருச்சபை தெளிவாகப் புரொட்டஸ்டண்ட். 1563-ல் வகுத்து 1571-ல் முடிவான முப்பத்தொன்பது கொள்கைகளைப் படித்தாலே தெரியும். பழையது என்று மிஞ்சியது வெளித்தோற்றம்: பிஷப்கள், அங்கி, மண்டியிடுதல், கதீட்ரல் பாட்டு. கண்ணுக்குத் தெரிந்ததை முடிந்தவரை பழகியபடி விட்டுவிட்டு, உள்ளே பொருளை மாற்றினார்கள் என்றால் பொருந்தும். எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பான்மை மக்களுக்குக் கண்ணும் காதும்தானே மதம்.

பிஷப்களில் கிட்டத்தட்ட எல்லோரும் அரசியின் அதிகாரத்தை ஏற்கும் உறுதிமொழி எடுக்க மறுத்துப் பதவி இழந்தார்கள். ஏற்றுக்கொண்டு தொடர்ந்தவர் லாண்டாஃப் பிஷப் கிச்சின். ஆனால் அவர்களில் யாரும் எரிக்கப்படவில்லை. மேரி காலத்தில் பலரைத் தீக்கு அனுப்பிய லண்டன் பிஷப் போனர் சிறையிலேயே 1569-ல் இறந்தார். ஹீத் தன் சொந்த வீட்டில் அமைதியாக வாழ அனுமதிக்கப்பட்டார். கீழ்மட்டக் குருக்களோ பெரும்பாலும் அப்படியே தங்கினார்கள். டிரிக்கியும் தங்கினார். லத்தீன் பூசையை உயிராக நேசித்த அந்த மனிதர், ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். கோழை என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் போய்விட்டால் அந்த முப்பத்துச் சொச்சம் குடும்பத்தின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காரவும் யார் இருந்திருப்பார்கள்?

இந்த ஏற்பாட்டின் உள்விதி என்ன என்று தெரிந்துகொள்ள இரண்டு சம்பவங்கள் உதவும். 1563-ல் ஒரு சட்டம் வந்தது: அரசியின் அதிகாரத்தை ஏற்கும் உறுதிமொழியை இரண்டாம் முறையும் மறுத்தால் மரணம். எலிசபெத் கையெழுத்திட்டார். அப்புறம் ஆர்ச்பிஷப் மேத்யூ பார்க்கர் வழியாக பிஷப்களுக்கு ஓர் அறிவுரை ரகசியமாகப் போனது: இரண்டாம் முறை யாரிடமும் கேட்காதீர்கள். கேட்கவில்லை என்றால் மறுப்பு இல்லை, மறுப்பு இல்லை என்றால் தூக்கு இல்லை. அடுத்து 1571-ல் நாடாளுமன்றம், சர்ச்சுக்கு வந்தால் மட்டும் போதாது, அப்பமும் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு மசோதாவை இரண்டு சபையிலும் நிறைவேற்றி அனுப்பியது. அரசி ஒப்புதல் தர மறுத்துவிட்டார். சர்ச்சில் வந்து உட்கார்வது குடிமகனின் கடமை. அதை அரசு கேட்கலாம். வாய் திறந்து அப்பத்தை வாங்குவது மனச்சாட்சியின் எல்லைக்குள் வருகிறது. அங்கே அவர் நுழைய விரும்பவில்லை.

மனிதர்களின் இதயத்துக்குள் ஜன்னல் வைக்க எனக்கு ஆசையில்லை என்று எலிசபெத் சொன்னதாக எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டுவார்கள். உண்மையில் அந்தச் சொற்கள் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேகன் அரசியின் போக்கை விளக்கி எழுதியவை. அதன் பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: உள்ளே இருப்பது வெளிப்படையான செயலாக வழிந்து வந்தால் ஒழிய, என்று அது தொடர்கிறது. முழு ஏற்பாடும் அந்தப் பின்பாதியில் இருக்கிறது. நெஞ்சில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். செயலில் வந்தால் சும்மா விட மாட்டோம்.

இதனால் உருவான ஒரு வகை மனிதர்களை அந்தக் காலத்தில் சர்ச்சுக்குப் போகும் பாப்பிஸ்டுகள் (போப்பின் ஆட்கள்) என்று கேலியாக அழைத்தார்கள். மனதளவில் கத்தோலிக்கர், ஞாயிறன்று வந்து பின்வரிசையில் உட்கார்வார், அப்பம் வாங்க மாட்டார். பல வீடுகளில் கணவர் சர்ச்சுக்குப் போய் அபராதத்திலிருந்து சொத்தைக் காப்பாற்றுவார். மனைவி போகாமல் வீட்டில் நம்பிக்கையைக் காப்பாற்றுவார். திருமணமான பெண்ணின் பெயரில் சொத்து இல்லாததால் அவரிடம் அபராதம் வசூலிப்பது கடினம். சட்டத்தின் அந்த ஓட்டையில் ஒரு தலைமுறைக் கத்தோலிக்கம் உயிர் வாழ்ந்தது.

ஏறத்தாழ பத்து ஆண்டு இப்படி ஓடியது. பிறகு இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி வந்தது.

1569 நவம்பரில் வடக்கே நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். டர்ஹம் கதீட்ரலில் ஆங்கில பைபிளைக் கிழித்துப் போட்டு, லத்தீன் பூசை நடத்தினார்கள். ஸ்காட்லாந்திலிருந்து ஓடிவந்து இங்கிலாந்தில் காவலில் இருந்த கத்தோலிக்க அரசி மேரி ஸ்டூவர்ட்தான் அவர்களின் நம்பிக்கை. கிளர்ச்சி தோற்றது, நூற்றுக்கணக்கான எளிய மக்கள் தூக்கிலிடப்பட்டார்கள். எலிசபெத் இரக்கம் காட்டவில்லை. அவரைப் போற்றுபவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள், புரட்டக் கூடாது.

1570 பிப்ரவரி 25 அன்று ஐந்தாம் பயஸ் போப் ஓர் ஆணை வெளியிட்டார். எலிசபெத் மதப்புரட்டர், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர், அவருக்கு அடிபணிய வேண்டியதில்லை, பணிந்தால் நீங்களும் விலக்கப்பட்டவர்கள் என்றது அது. இங்கிலாந்துக் கத்தோலிக்கர்களைக் கேட்காமல் அவர்கள் தலையில் இறக்கிய இடி இது. அதுவரை ஒருவர் நல்ல கத்தோலிக்கராகவும் நல்ல குடிமகனாகவும் இருக்க முடிந்தது. அந்த ஆணைக்குப் பிறகு, போப்பை நம்புகிறாய் என்றால் அரசியைக் கவிழ்க்க நினைக்கிறாய் என்று அரசாங்கம் வாதாட முடிந்தது. மனதில் இருப்பதும் செயலில் வருவதும் வேறு என்று அரசி போட்ட எல்லைக்கோட்டைப் போப்பே அழித்துவிட்டார்.

1572-ல் பாரிஸில் பார்தலோமேயு திருநாளன்று தொடங்கிய புரொட்டஸ்டண்ட் படுகொலையை நேரில் பார்த்தவர், அங்கே தூதராக இருந்த ஃபிரான்சிஸ் வால்சிங்கம். அவர்தான் பின்னால் எலிசபெத்தின் உளவு வலையைப் பின்னியவர். பயம் எங்கிருந்து வந்தது என்று இதில் தெரிகிறது. இன்னொரு பக்கம், ஆங்கிலக் கத்தோலிக்கரான வில்லியம் ஆலன் 1568-ல் கடலுக்கு அப்பால் டூவே நகரில் தொடங்கிய குருமடத்தில் படித்த ஆங்கில இளைஞர்கள் 1574 முதல் ரகசியமாகத் திரும்பி வந்தார்கள். 1580-ல் இயேசு சபையினர் வந்தார்கள். அவர்களில் எட்மண்ட் காம்பியன் ஆக்ஸ்ஃபோர்டில் பெயர் பெற்ற அறிஞர். இளமையில் எலிசபெத்தின் முன்னாலேயே சொற்பொழிவாற்றிப் பாராட்டு வாங்கியவர். அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து 1581 டிசம்பர் 1 அன்று லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் கொன்றார்கள். அதே ஆண்டு சர்ச்சுக்கு வராததற்கான அபராதம் மாதம் 20 பவுண்டாக ஏறியது. 12 பென்ஸ் எங்கே, 20 பவுண்ட் எங்கே! சாதாரணக் குடும்பம் அதைக் கட்டவே முடியாது. வசதியானவர்கள்கூட நிலத்தை இழந்தார்கள். 1585-ல் வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் நாட்டில் கால் வைப்பதே தேசத்துரோகம் என்று சட்டம் வந்தது.

பிடிபட்ட குருக்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: போப் படை அனுப்பினால் நீ யார் பக்கம் நிற்பாய்? அரசி பக்கம் என்றால் போப்பை மறுக்க வேண்டும். போப் பக்கம் என்றால் தூக்கு. பதில் சொல்லாவிட்டால் அதுவே சாட்சி. இதயத்துக்குள் ஜன்னல் வைக்க மாட்டோம் என்ற அரசு வைத்த ஜன்னல் இது.

யார்க் நகரில் மார்கரெட் கிளித்தரோ என்ற கசாப்புக்காரர் மனைவி, வீட்டில் குருக்களை ஒளித்து வைத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு நடந்தால் தன் பிள்ளைகளே சாட்சி சொல்ல வேண்டிவரும் என்று வாதாடவே மறுத்துவிட்டார். மறுப்பவர்களுக்கு அன்றைய தண்டனை, மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றி நசுக்குவது. 1586 மார்ச் 25 அன்று அப்படியே இறந்தார். இந்த ஆட்சியில் கொல்லப்பட்ட கத்தோலிக்கர் 180-க்கும் மேல்; அதில் குருக்கள் 120-க்கும் மேல். மதத்துக்காக யாரையும் கொல்லவில்லை, துரோகத்துக்காகத்தான் கொன்றோம் என்று அமைச்சர் வில்லியம் சிசில் 1583-ல் ஒரு நூலே எழுதினார். சட்டத்தின் வார்த்தைப்படி அவர் சொன்னது சரியாக இருக்கலாம். கிளித்தரோ அம்மாவின் கதையைப் படித்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை.

மறுபக்கம் பியூரிட்டன்கள். வெளிநாட்டுக்கு ஓடி ஜெனீவாவையும் சூரிக்கையும் பார்த்துத் திரும்பியவர்களும் அவர்களைப் பின்பற்றியவர்களும், சீர்திருத்தம் பாதியிலேயே நிற்கிறதே என்று வருந்தினார்கள். முதல் சண்டை ஒரு வெள்ளை அங்கியைப் பற்றி. இது பாப்பிஸ்டுகளின் சீருடை, போட மாட்டோம் என்றார்கள் சில போதகர்கள். 1566-ல் லண்டனில் ஒரே நாளில் 37 பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஓர் அங்கிக்காகவா என்று கேட்கலாம். எல்லோரும் வெளியே ஒரே மாதிரி நடந்தால் உள்ளே விட்டுவிடுகிறேன் என்பதுதான் பேரம். வெளியே நடப்பதில் ஒருவரை விட்டுக்கொடுத்தால் பேரமே உடைந்துவிடும். அரசி அதில் பிடிவாதமாக இருந்ததன் காரணம் இதுதான்.

இதில் என் மனதைத் தொட்டவர் எட்மண்ட் கிரிண்டல். 1576-ல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஆனவர். போதகர்கள் கூடி வேதம் படித்து ஒருவர் முன் ஒருவர் விளக்கம் சொல்லிப் பழகும் கூட்டங்கள் அப்போது பல ஊர்களில் நடந்தன. எலிசபெத் அவற்றை நிறுத்தச் சொன்னார். ஒரு மாவட்டத்துக்கு மூன்று நான்கு பிரசங்கிகள் போதும் என்பது அவர் எண்ணம். பேசுகிறவர்கள் கூடினால் பிளவும் கூடும் என்று பயந்தார். கிரிண்டல் 1576 டிசம்பரில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். என் மனச்சாட்சிப்படி இந்த உத்தரவை என்னால் அனுப்ப முடியாது என்றார். அம்மணி, நீங்களும் சாகப் பிறந்த ஓர் உயிர்தான் என்பதை நினைவில் வையுங்கள் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டே அவருடைய அதிகாரம் பறிக்கப்பட்டது. 1583-ல் பார்வை மங்கி இறக்கும்வரை பெயருக்கு மட்டும் ஆர்ச்பிஷப். அவருக்குப் பின் வந்த ஜான் விட்கிஃப்ட், அரசி விரும்பிய மாதிரி ஆள். ஜெபப் புத்தகத்தில் தேவ வார்த்தைக்கு முரணாக எதுவும் இல்லை என்று ஒவ்வொரு போதகரும் கையெழுத்திட வேண்டும் என்றார். நூற்றுக்கணக்கானோர் தயங்கினார்கள். தேசியத் திருச்சபையே வேண்டாம், விசுவாசிகள் தனியாகக் கூடுவோம் என்று பிரிந்த ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட், ஜான் பென்ரி மூவரும் 1593-ல் தூக்கிலிடப்பட்டார்கள்.

அப்படியானால் இந்த ஏற்பாடு வெற்றியா? பக்கத்து நாடான பிரான்சில் 1562 முதல் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் மதத்தின் பெயரால் உள்நாட்டுப் போர் நடந்தது. இங்கிலாந்தில் எலிசபெத் இருந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில், அந்த வடக்குக் கிளர்ச்சியைத் தவிர, அப்படி ஒன்று நடக்கவில்லை. 1603 மார்ச் 24 அன்று அவர் இறந்தபோது, இந்த ஜெபப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் அறியாத ஒரு தலைமுறை நடுவயதை எட்டியிருந்தது. நான்கு முறை மாறிய மதம் ஒரே இடத்தில் நின்றதால், சண்டையில் தீராதது பழக்கத்தில் ஊறியது. இதைச் சகிப்புத்தன்மை என்று மட்டும் அழைக்க வேண்டாம். அன்று யாரும் இரண்டு மதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்று சட்டம் போடவில்லை. வெளியே ஒன்று, உள்ளே இரண்டு என்று வாழத் தெரிந்தவர்களுக்கு இடம் இருந்தது. உள்ளும் வெளியும் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்றவர்களுக்கு, அவர் காம்பியனாக இருந்தாலும் பென்ரியாக இருந்தாலும், இடம் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் வாழ்நாள் முழுக்க நடந்தார்: வில்லியம் பேர்ட். அரண்மனைச் சிற்றாலயத்தின் பாடகர், அந்தக் காலத்தின் பெரிய இசையமைப்பாளர், கத்தோலிக்கர். அவர் யார் என்பது எலிசபெத்துக்குத் தெரியும். 1575-ல் அவருக்கும் மூத்த இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸுக்கும் சேர்த்து இசை அச்சிடும் தனியுரிமையை 21 ஆண்டுக்குக் கொடுத்தவரே அரசிதான். அரசியின் புரொட்டஸ்டண்ட் ஆராதனைக்கு பேர்ட் ஆங்கிலத்தில் அருமையான இசை எழுதினார். காம்பியனின் சாவைப் பற்றிய கவிதைக்கு இசையமைத்து 1588-ல் அச்சிலும் கொண்டுவந்தார். 1590-களில், நாட்டில் தடை செய்யப்பட்ட லத்தீன் பூசைக்கு மூன்று இசைத் தொகுப்புகள் வெளியிட்டார். மறைவாகக் கூடும் வீடுகளில் நான்கைந்து பேர் மெதுவான குரலில் பாடுவதற்கு ஏற்ற இசை. அந்தச் சிறு புத்தகங்களுக்குத் தலைப்புப் பக்கம் இல்லை, அச்சிட்டவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. பக்கத்தைத் திருப்பினால், மேலே பேர்ட் என்ற பெயர் மட்டும் இருந்தது.